கருநாக்குக்காரர் எழுதிய எதிர்காலம்

சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், பட்டு எடுப்பார்கள், பெண் பார்ப்பார்கள். நான் ஒரு கதையைக் கேட்டு வாங்கப் போனேன். எண்பதுகளின் பிற்பாதி அது. கப்பல் பட்டறையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சனிக்கிழமைகளில் நண்பர்கள் நாலைந்து பேரோடு அறிவியல் கதைகளைப் படித்துச் சண்டை போடுவது பொழுதுபோக்கு. அப்படி ஒரு சண்டையின் முடிவில்தான் தமிழில் ஒரு தொகுப்பு கொண்டுவருவது என்று தீர்மானமாயிற்று. கெட்டுப்போன எதிர்காலங்கள் மட்டுமே அதில் இடம்பெறும்.

வெளிநாட்டு இதழ்களில் அப்போது கெட்டுப்போன உலகங்களுக்கு ரகம் ரகமாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டைக்குள் கம்ப்யூட்டர் கம்பியைச் சொருகிக்கொண்ட தெருப் பொறுக்கிகள் பெரிய கம்பெனிகளை ஏமாற்றித் திரிந்தால் அது சைபர்பங்க். பெட்ரோலே வராமல் நீராவி எந்திரங்களே உலகை ஆண்டால் ஸ்டீம்பங்க். அணுகுண்டுக்குப் பிறகு மிஞ்சியவர்கள் கந்தலைச் சுற்றிக்கொண்டு அடித்துக்கொள்ளும் கதைகளுக்கு இன்னொரு பெயர். பங்க் என்றால் காதில் ஊக்கு மாட்டி, முடியைச் செங்குத்தாக நிறுத்தி, கொடுத்ததை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று திமிரும் லண்டன் பிள்ளைகள். அந்தத் திமிர் இருந்தால் எந்த உலகத்தோடும் அந்தச் சொல்லை ஒட்டிக்கொள்ளலாம் என்பது எங்கள் கட்சி.

எங்களுக்கு வந்த தமிழ்க் கதைகளில் ரோபோக்கள் காதலித்தன, கடைசிப் பக்கத்தில் அழுதன. தேறியது ஒன்றுதான். அரியலூருக்கும் கீழப்பழுவூருக்கும் நடுவில் ஒரு சிற்றூரிலிருந்து சவரிமுத்து என்பவர் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் அது வந்திருந்தது, அவரே எழுதியது. கார்பன் வைத்து நாலு படி எழுதுவார். படித்தவர் ஓரத்தில் கருத்து எழுதி அடுத்தவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது விதி. நானும் நல்ல பிள்ளையாக அனுப்பிவிட்டேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கதையில் வருவது சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஊரையே விழுங்கிவிட்ட ஒரு காலம். குழிக்குள் இறங்கும் வாசலில் எல்லாருடைய பெயரையும் பிடுங்கிக்கொண்டு, குழியில் போன வயல்களின் சர்வே நம்பரை ஆளுக்கொன்றாகக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். கூலியைத் தண்ணீராக அளந்து ஊற்றுகிறார்கள். கதாநாயகனின் பெயர் நூற்று நாற்பத்து மூன்றின் கீழ் இரண்டு. எங்கள் வட்டத்தில் இந்த ரகத்துக்குச் சுண்ணாம்பு பங்க் என்று பெயர் சூட்டினோம். அச்சிட அனுமதி கேட்டபோது உடனே சம்மதித்தவர், அடுத்த கடிதத்தில் நேரில் வாருங்கள் என்று மட்டும் எழுதிவிட்டு மௌனமாகிவிட்டார். அதனால் போனேன்.

முதல் நாள் பெரம்பலூர். ரயில் கிடையாது, எல்லாப் போக்குவரத்தும் பஸ்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. எங்கள் ஊரில் இவ்வளவு வெங்காயம் போட்டால் முதலாளி கடையை மூட வேண்டியதுதான். தண்ணீர்தான் வாயில் நிற்கவில்லை. உப்பும் சுண்ணாம்பும் கலந்த ஒரு சப்பை ருசி. பரிமாறியவரிடம் சொன்னேன்.

"இது நல்ல தண்ணிங்க சார். கெட்ட தண்ணி வெளியில தொட்டியில இருக்கு, கை களுவ" என்றார்.

அரியலூர் பஸ்ஸில் முன்கண்ணாடி இல்லை. சிமெண்ட் லாரிகளின் பின்னாலேயே போனதால் புழுதி முழுவதும் எங்கள் முகத்துக்கே வந்தது. எனக்கு முன் இருக்கையில் வடக்கத்தி மாணவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு சுத்தியலும் சாக்குப் பையும் வைத்திருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: "இந்தப் பூமி முழுக்கக் கடலாக இருந்தது. சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு துளித் தண்ணீர் மட்டும் கிடைக்காது." பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரும் வெடித்ததுதான் என்று அதை இறக்கிய பிறகுதான் கண்டக்டருக்குத் தெரிந்தது. நேரத்துக்கு ஓடும் வண்டிகளிலேயே காலம் தள்ளிய எனக்குத் தலை கொதித்தது. மற்றவர்கள் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சவரிமுத்து குவாரியின் எடைமேடையில் குமாஸ்தா. லாரியை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டு எழுதுவார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவதால் நாக்கு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

"வாங்க சார். ரொம்ப கஷ்டப்பட்டு வந்துட்டீங்க. இந்த ஊருக்கு வேணும்னு யாரும் வர மாட்டாங்க" என்றார்.

நான் கொண்டுபோன பழைய ஆங்கில இதழ்களை அங்கேயே புரட்ட ஆரம்பித்துவிட்டார். ஸ்டீம்பங்க் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. "நீராவி எஞ்சின் இன்னும் அரியலூர் ஸ்டேஷனுக்கு வருதுங்க. நாங்க அதுல கரித்தூள் கண்ணுல விழ உக்காந்து போறோம். ஒங்க ஊர்ல அதுக்குப் பேரு கற்பனையா?" தாமே சில ரகங்களை யோசித்து வைத்திருந்தார். ரேஷன் கார்டே உயிர் என்றான உலகம் ஒன்று. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் தீர்ந்துபோனதால் ஆட்சி கவிழும் உலகம் ஒன்று. அவருக்கு மிகப் பிடித்தது கமலை உலகம். மாடுகள் சரிவில் இறங்கி நடக்கக் கிணற்றுத் தண்ணீர் தோல் சாலில் மேலே வருமே, அந்தக் கமலையே எல்லா எந்திரங்களையும் ஓட்டும். கரண்ட், ரேடியோ, கணக்குப் போடும் பொறி வரைக்கும் மாட்டு நடையில்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லண்டனில் யாருக்கும் தோன்றாத ரகம் இது.

ஊருக்குள் நடந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டீக்கடையில் எனக்கு டீயைக் கையில் கொடுத்தார்கள். அவருக்குப் பெஞ்சில் வைத்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. எதிரில் வந்த பெண் இடுப்புப் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஒதுங்கினாள்.

"எனக்குக் கருநாக்காம் சார்" என்றார் சவரிமுத்து.

கருநாக்கு உள்ளவர் வாயிலிருந்து வந்தது பலித்துவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. சாயங்காலங்களில் டீக்கடையில் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவது இவர் வழக்கம். ஒருநாள் செய்தி தீர்ந்துபோனதால் தம் கதையைப் படித்தார். உண்மை போல இருக்கட்டும் என்று ஊரின் சர்வே நம்பர்களையே கதையில் போட்டிருந்தார். வயலை நம்பராலேயே அறிந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவர்கள் கதையாகக் கேட்கவில்லை. குவாரி ஆபீசில் வேலை பார்க்கிறவன், நேராகச் சொன்னால் வேலை போய்விடும், அதனால் கதை மாதிரி காதில் போட்டு வைக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். எவன் நம்பர் வந்தது, எவன் நம்பர் வரவில்லை என்று திண்டாட்டம். குவாரிக்கு எடுப்பதற்கு முன் விற்றுவிடலாம் என்று வெளியூர்த் தரகர்களிடம் கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள்.

குவாரி வேறு திசையில் போயிற்று. நிலம் தரகர்கள் கையில் கம்பிவேலிக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

"அப்பறம் பஞ்சாயத்துல கூப்ட்டு நாக்க நீட்டச் சொன்னாங்க. நீட்டுனேன். ஊதாவா இருந்துச்சு. அதோட முடிஞ்சுது" என்றார். பத்திரிகையின் படிகளைத் தேடிப் பிடித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். தபாலில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த ஒரு படி மட்டும் அவரிடம் இருந்தது.

அவர் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலும் நிலம் இருந்ததில்லை. அப்பாவும் தாத்தாவும் அதே வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். ஊர்க்காரர்களின் வயிற்றெரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். நிலமில்லாதவன் எழுதினான், நிலமிருந்தவன் விற்றான், எழுதியவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் சவரிமுத்துவுக்கு வேலை. அவர் மனைவி லூர்துமேரி தன் பிறந்த ஊரான ஏலாக்குறிச்சிக்கு மாதாவைக் கும்பிடப் புறப்பட்டாள். நானும் ஒட்டிக்கொண்டேன். பஸ் நிறைய வேண்டுதல்காரர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், மெழுகுவர்த்திக் கட்டுகள். எனக்கு உட்கார இடம் கிடைத்தது, மடியில் யாரோ ஒரு கோழியை வைத்துவிட்டார்கள். கோழி நிதானமாக இருந்தது. கோயிலில் லூர்துமேரி வெகுநேரம் முட்டி போட்டிருந்தாள். வெளியே வந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்து எனக்குப் பாதியைக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"அண்ணே, நீங்க தூரத்துலேருந்து வந்துருக்கீங்க, மனசு நோகச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. அந்தக் கதைய அச்சுல போடாதீங்க."

"சவரி சம்மதிச்சாரே" என்றேன்.

"அவுரு சம்மதிப்பாரு. எழுத்தாளர்னு ஒரு ஆளு தேடி வந்துட்டீங்கள்ல. கையால எழுதுனதுக்கே இந்தப் பாடு. ரெண்டு வருசமா எங்க வூட்டு வாசப்படி ஒரு சனம் ஏறல. எம் பொண்ணு வயசுக்கு வந்ததுக்குத் தட்டு எடுக்க ஆளில்ல. இதுக்கு மேல அச்சுல வந்துச்சுன்னா ஊரவுட்டே போவ வேண்டியதுதான்."

அந்தக் கதை இல்லாமல் என் தொகுப்பு அழும் ரோபோக்களின் தொகுப்பாகிவிடும். அவள் ஊரில் இருக்க முடியுமா என்பது அவள் கவலை, புத்தகம் தேறுமா என்பது என் கவலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் வைத்துப் பார்த்தேன் என்பதுதான் உண்மை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் சவரிமுத்து லீவு போட்டுவிட்டு என்னை அந்தக் கம்பிவேலிக்கு அழைத்துப் போனார். உள்ளே கருவேலத்தைத் தவிர எதுவும் இல்லை. நடுவில் ஒரு கிணறு, சுற்றுச்சுவரில் பாதி சரிந்திருந்தது. எங்கள் தீவிலும் நான் பிறந்த கம்பத்தை, அந்தக் குடிசைக் கிராமத்தை, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். இடித்த இடத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது, பார்த்து அழவாவது முடிகிறது. இங்கே யாருக்காக வாங்கினார்கள் என்பதே தெரியாமல் முள் நின்றது.

திரும்பி வந்தபோது வாசலில் தனபாக்கியம் நின்றிருந்தார். ஊரில் பெரிய நிலக்காரக் குடும்பம். நூற்று நாற்பத்து மூன்றின் கீழ் இரண்டு அவர்களுடையதாக இருந்தது. சவரிமுத்துவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"சவரி, எம் மவனும் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போறேங்குறான். ஒன் வாயில கெட்டது வந்துச்சு, நடந்துருச்சு. நல்லது வந்தா அதுவும் நடக்கும்ல. ஒரு நல்ல கதையா எழுதிப் படி. நெலம் திரும்புற மாதிரி. ஊரே வந்து கேக்குறோம்" என்றார்.

"அம்மா, கதைனால நெலம் வராதுங்க" என்றார் சவரிமுத்து.

"போனது கதைனாலதான." தனபாக்கியத்தின் பார்வை என் பக்கம் திரும்பியது. "அந்தப் பழசு ஏதும் மிச்சம் வச்சிருந்தாக் கொளுத்திப் போட்டுடு. இந்தச் சிங்கப்பூர்க்காரர்ட்டயும் குடுக்காத. பழச மறந்துருவோம்."

அவர் நீ என்றார், இவர் நீங்கள் என்றார். அந்தப் பேச்சு அப்படித்தான் காலங்காலமாக நடந்திருக்கிறது என்பது கேட்டவுடனே தெரிந்தது. தனபாக்கியம் போனதும் லூர்துமேரி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக் குடுத்துடுங்க. ஒங்க கால்ல விழுறேன். நாலு பேரு வந்து போனாப் போதும்" என்றாள். சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் எழுதுங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நான் வந்த காரியம் கெட்டது என்று உள்ளுக்குள் ஒரு சுயநலக்காரன் முனகிக்கொண்டுதான் இருந்தான்.

அன்று பகல் முழுவதும் அவர் எழுதினார். நான் லூர்துமேரி வைத்த கருவாட்டுக் குழம்பைச் சோளச்சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல எதிர்காலத்தை எழுதுவது அவருக்குப் பழக்கமில்லை. எழுதுவார், கிழிப்பார், "இனிப்பாப் போவுது சார், எனக்கே கொமட்டுது" என்பார். கமலை உலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னேன். அதன் பிறகு பென்சில் நிற்கவில்லை.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த பிறகு, வெயில் தாழ ஊர் வந்தது. முதலில் எல்லாரும் சவரிமுத்து வீட்டு வேலிக்கு வெளியே நின்றார்கள். சவரிமுத்து படிக்க ஆரம்பித்தார். தரகர்கள் வருகிறார்கள், வேலியைப் பிரிக்கிறார்கள், முள்ளை வேரோடு பிடுங்குகிறார்கள். ஒவ்வொரு வயலாக நம்பரைச் சொல்லி அதில் என்ன பயிர் நிற்கிறது என்று சொன்னார். தன் நம்பர் வந்ததும் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். கிணறுகள் நிறைகின்றன. கமலை மாடுகள் நடக்க, பழைய லாரிப் பற்சக்கரங்கள் சுற்றி, டைனமோ சுற்றி, வீட்டுக்கு வீடு விளக்கு எரிகிறது. மரக்கால்வாய்களில் புளியங்கொட்டைகள் உருண்டு ஓடி ஊர்க் கணக்கைக் கூட்டிச் சொல்கின்றன. கேட்டவர்கள் சிரித்தார்கள், ஒரு கிழவர் புளியங்கொட்டை இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். நான் படித்த எந்த வெளிநாட்டுக் கதையும் இதற்கு உறை போடக் காணாது. திமிர்தான் துளியும் இல்லை.

முடிந்ததும் தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது போதும் சவரி. நாளைக்கு டீக்கடைக்கு வா. பேப்பர் படிக்க ஆளே இல்ல" என்றார். போகும்போது ஆளை விட்டு ஒரு பை சின்ன வெங்காயம் கொடுத்தனுப்பினார். சவரிமுத்து உள்ளே போய்ப் பழைய படியை எடுத்துவந்து மனைவி கையில் கொடுத்தார். அடுப்பில் போடு என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனுக்கு ஊர் திரும்பிக் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லூர்துமேரி வெங்காயப் பையைத் தொடவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்குறேன்" என்றாள். "கமல மாட்டுக்குப் பின்னால நடக்குறது யாரு?"

"யாருன்னா?"

"அவ்ளோ மாடு நடக்குதே. வெளக்கு எரியணும்னா ராவும் பகலும் நடக்கணும். யாரு ஓட்டுறது? தனபாக்கியம்மா வூட்டு ஆளுங்களா ஓட்டுவாங்க?"

சவரிமுத்து புதுக் கதையின் தாள்களைப் புரட்டித் தேடினார்.

"நம்ம சனந்தான" என்றாள் லூர்துமேரி. "அவுங்கவுங்க நெலம் அவுங்கவுங்களுக்கு வந்துருச்சு. ஒங்கப்பா நின்ன எடத்துல ஒங்களயே கொண்டுபோயி நிறுத்திட்டீங்க. ஊரு கை தட்டாம என்ன செய்யும்?"

புளியங்கொட்டைக் கணக்கில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

மறுநாள் காலை சவரிமுத்து டீக்கடைக்குப் போய்விட்டார். உரக்கச் செய்தி படிக்கும் குரல் தெருவில் கேட்டது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் லூர்துமேரி என்னோடு வந்தாள். வழிச் சாப்பாடு என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். சோறு இவ்வளவு தட்டையாக இருக்காதே என்று பிரித்துப் பார்த்தேன். ஊதாப் பென்சில் எழுத்து. ஓரங்களில் யார் யாரோ எழுதிய கருத்துகள், அவற்றுக்கு நடுவில் என் கையெழுத்திலும் ஒன்று.

"நீங்கதானம்மா போட வேணாம்னீங்க" என்றேன்.

அரியலூர் பஸ் திருப்பத்தில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இதயே போடுங்கண்ணே" என்றாள். "இதுலயாவது எல்லாரும் ஒண்ணாக் கஷ்டப்படுறாங்க."